பழைய ஓட்டு வீட்டில் பிளக் பாயிண்ட் சூடாகிறதா? புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு

மார்த்தாண்டம், தக்கலை, குழித்துறைப் பக்கம் பழைய ஓட்டு வீட்டை வாடகைக்கோ விலைக்கோ எடுக்கிறவர்கள் ஓட்டில் ஒழுக்கு உண்டா, மச்சில் கறையான் ஏறியிருக்கிறதா, கோடையில் கிணறு வற்றுமா என்று எல்லாம் பார்ப்பார்கள். சுவிட்ச் போர்டு புதிதாக, பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் கரண்ட் விஷயத்தில் கவலையில்லை என்று விட்டுவிடுவார்கள். அந்த வெள்ளை போர்டைக் கழற்றினால் பின்னால் தேக்குப் பட்டையில் கிளிப் அடித்து ஓட்டிய நாற்பது வருஷத்து வயர் அப்படியே கிடக்கும். முகத்தை மட்டும் மாற்றியிருப்பார்கள். பெயின்ட் அடித்து வாடகைக்கு விடும் வீடுகளில் இது சர்வ சாதாரணம்.

அந்த வயரை ஓட்டிய காலத்தில் வீட்டில் இருந்தது நாலு குண்டு பல்பும் ஒரு ஃபேனும் ஒரு ரேடியோவும். இன்று அதே வயரில் இண்டக்‌ஷன் அடுப்பு, மிக்ஸி, ஃபிரிட்ஜ், அயர்ன் பாக்ஸ், தண்ணீர் சூடாக்கும் ராடு எல்லாம் தொங்குகின்றன.

கணக்கு

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். சாமானில் ஒட்டியிருக்கும் வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். சின்ன மூன்று பின் பாயிண்ட் 6 ஆம்பியர், அதாவது 1380 வாட் வரை. பழைய போர்டில் 5 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கும். பெரிய பாயிண்ட், நாம் பவர் பிளக் என்று சொல்வது, 16 ஆம்பியர், 3680 வாட். பழையதில் 15 என்றிருக்கும்.

அடுக்களையில் ஒரே சின்ன போர்டில் மல்ட்டி பிளக் வைத்து 2000 வாட் இண்டக்‌ஷன், 750 வாட் மிக்ஸி, 200 வாட் ஃபிரிட்ஜ் ஓடுகிறது என்று வையுங்கள். 8.7, 3.3, 0.9. கூட்டினால் 12.9 ஆம்பியர். 6 ஆம்பியர் பாயிண்டுக்கு இது இரண்டு மடங்கைச் சற்றுத் தாண்டுகிறது. ஆனால் சூடு இரண்டு மடங்கோடு நிற்காது. கரண்ட் இரட்டித்தால் சூடு நாலு மடங்கு. இந்தக் கணக்கில் நாலரை மடங்குக்கு மேல் போகிறது.

மொபைல் சார்ஜர், எல்.இ.டி. பல்பு, டிவி, ஃபேன் இவற்றைக் கூட்டிக் குழம்ப வேண்டாம். பத்து சார்ஜர் சேர்ந்தாலும் ஒரு அயர்ன் பாக்ஸுக்கு ஈடாகாது. பார்க்க வேண்டியவை சூடாக்கும் சாமான்களும் மோட்டார்களும்தான்: கெட்டில் 1500, தண்ணீர் ராடு 1000 முதல் 1500 வரை, அயர்ன் பாக்ஸ் 750 முதல் 1000 வரை, ஸ்டோரேஜ் கீசர் 2000, உடனடி கீசர் 3000, ஒன்றரை டன் ஏ.சி. 1500-க்கு மேல், 1 எச்.பி. கிணற்று மோட்டார் ஏறத்தாழ 1000 வாட். மோட்டாரும் ஃபிரிட்ஜும் ஸ்டார்ட் ஆகும் நொடியில் இதைப்போலப் பல மடங்கு இழுக்கும்.

டிரிப்பர் விழாமலே தீப்பிடிப்பது எப்படி

பலருக்குப் பிடிபடாத இடம் இது. எம்.சி.பி. (கரண்ட் கூடினால் தானே விழும் டிரிப்பர்) போட்டாயிற்று, லோடும் கணக்குக்குள்தான் இருக்கிறது, அப்படியும் பாயிண்ட் கறுத்து உருகுகிறது. காரணம், தளர்ந்த இணைப்பு.

சாக்கெட்டுக்குள் பிளக்கின் பின்னைக் கவ்விப் பிடிப்பது பித்தளைப் பட்டை. இருபது வருஷம் செருகிச் செருகி எடுத்தால் அதன் பிடி தளரும். கொல்லங்கோடு, குளச்சல் போலக் கடற்கரையை ஒட்டிய இடமென்றால் உப்புக்காற்றில் பச்சைக் களிம்பும் ஏறியிருக்கும். நல்ல இணைப்பில் மின்தடை இல்லையென்றே சொல்லலாம். கெட்டுப்போன இணைப்பில் 0.1 ஓம் இருந்தால்கூடப் போதும்: 16 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 25 வாட் சூடு உண்டாகும். ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைப் பற்றவைத்து உங்கள் சுவிட்ச் போர்டுக்குள், மரப்பெட்டிக்குள், வைத்து மூடியதற்குச் சமம். வயரில் ஓடும் கரண்ட் கூடவில்லையே, அதனால் எம்.சி.பி.க்கு எதுவும் தெரியாது. அது கரண்டை மட்டும்தான் பார்க்கும்.

ஆகவே கண்ணும் மூக்கும் கையும்தான் காவல். பாயிண்டைச் சுற்றி மஞ்சளோ பழுப்போ படிவது, பிளக்கை அசைத்தால் சாமான் நின்று நின்று ஓடுவது, போர்டுக்குள் கிரீச் என்றோ படபடவென்றோ சத்தம், எடுத்த பிளக்கில் ஒரு பின் மட்டும் கறுத்திருப்பது. வாசத்தையும் சொல்ல வேண்டும். பேக்லைட்டும் சுவிட்ச் பிளாஸ்டிக்கும் சூடேறும்போது கருவாடு மாதிரி ஒரு நாற்றம் வரும். மீன் சமைக்கும் வீட்டில் அதை யாரும் சட்டை செய்வதில்லை. சமைக்காத நாளில் மீன் நாறினால் முதலில் சுவிட்ச் போர்டுகளைப் பாருங்கள்.

சோதிக்கும் முறை எளிது. அயர்ன் பாக்ஸையோ கெட்டிலையோ அரை மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கின் உடலைப் பிடித்து உருவுங்கள். பிளக்கின் முதுகையும் போர்டின் முகத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடென்றால் அந்த பாயிண்டை அன்றோடு நிறுத்துங்கள். கறுத்த பாயிண்டை கரண்ட் இருக்கும்போது தொட வேண்டாம்.

முதல் வாரத்தில்

எந்த ஃப்யூஸில் எந்த அறை என்று ஒரு தாளில் வரையுங்கள். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மெயின் போர்டில் ஒவ்வொரு எம்.சி.பி.யாக இறக்க, மற்றவர் ஒரு டேபிள் லாம்பைத் தூக்கிக்கொண்டு எல்லா பாயிண்டிலும் செருகிப் பார்க்க வேண்டும். ஃப்யூஸ் கட்டை உள்ள வீட்டில் முதலில் மெயினை அணைத்துவிட்டுக் கட்டையை உருவி, பிறகு மெயினைப் போடுங்கள். பழைய வீட்டில் ஆச்சரியங்கள் காத்திருக்கும். அடுக்களை பாயிண்டும் படுக்கையறை லைட்டும் பின்னால் இறக்கிய சாய்ப்பும் ஒரே லைனில் இருக்கும். சாய்ப்பைக் கட்டியவர் பக்கத்துச் சுவரில் கிடைத்த வயரில் தட்டியிருப்பார்.

வயரைப் பார்ப்பது அடுத்த வேலை. மெயினை அணைத்து, மெயின் போர்டுக்குள் எட்டிப் பாருங்கள். வெள்ளியாகத் தெரியும் ஒற்றைக் கம்பி அலுமினியம். சிவந்த இழைகள் செம்பு. வயருக்கு ரப்பர் உறையா, அது தொட்டால் பொடிகிறதா? பொடிந்தால் பேச்சே வேண்டாம், அந்த லைனுக்கு ஆயுசு முடிந்தது. பழைய ஆட்கள் 3/22, 3/20 என்று சொல்வது இழை எண்ணிக்கையும் கம்பிப் பருமனும். 3/22 ஏறத்தாழ 1.2 ஸ்கொயர் (சதுர மி.மீ.), 3/20 ஏறத்தாழ 2 ஸ்கொயர். இன்றைய கடையில் 1, 1.5, 2.5, 4 ஸ்கொயர் என்று கிடைக்கும்.

மச்சுக்கு மேலேயும் ஏறிப் பாருங்கள், பகலில், டார்ச்சோடு. தேங்காய், காய்ந்த ஓலைச் சூட்டு, பழைய நோட்டுப் புத்தகம் என்று எரிய ஆயத்தமாக உள்ள எல்லாவற்றையும் வைப்பது அங்கேதான். வயர்களின் ஜாயிண்டுகளும் எலி கடித்த இடங்களும் இருப்பது அங்கேதான். ஜாயிண்ட் இருக்கும் இடத்தைச் சுற்றி மூன்றடிக்குச் சாமானை ஒதுக்குங்கள்.

பணம் செலவில்லாமல் இன்றே செய்யக்கூடியது

ஒரு லைனில் ஒரு சமயம் ஒரு சூடாக்கும் சாமான். இதை மட்டும் கடைப்பிடித்தாலே பாதி ஆபத்து விலகும். இண்டக்‌ஷன் ஓடும்போது கெட்டில் வேண்டாம். மோட்டார் போட்டிருக்கும்போது அயர்ன் வேண்டாம்.

பெரிய பின் பிளக்கைச் சின்ன பாயிண்டில் செருக உதவும் கன்வெர்ட்டரைத் தூக்கி எறியுங்கள். 16 ஆம்பியர் இழுக்கும் சாமானை 6 ஆம்பியர் பித்தளையில் கட்டித் தொங்கவிடுவதுதான் அது செய்யும் வேலை. இதைவிட மோசமான ஏமாற்று, பழைய 5 ஆம்பியர் பாயிண்டைக் கழற்றிவிட்டு, பின்னாலுள்ள வயரை மாற்றாமல், இரண்டு பிளக்கும் ஏறும் 6/16 பாயிண்டை வைப்பது. பார்த்தால் பவர் பிளக். வயர் பழைய லைட் வயர்.

வளைகுடாவிலிருந்து வந்த சாமான்கள் இல்லாத வீடு இங்கே குறைவு. துபாய், கத்தார் பக்கமிருந்து வரும் அயர்ன் பாக்ஸிலும் கெட்டிலிலும் தட்டையான மூன்று பின் இருக்கும். பிளக்குக்குள்ளேயே 3 அல்லது 13 ஆம்பியர் ஃப்யூஸும் உண்டு. அதற்காக வாங்கும் எல்லா நாட்டு அடாப்டர் பெரும்பாலும் எர்த்தைச் சேர்க்காது, பிடியும் தளர்வு. சார்ஜருக்கு வைத்துக்கொள்ளுங்கள். சூடாக்கும் சாமானுக்கு பிளக்கை வெட்டி, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள நம்மூர் 16 ஆம்பியர் பிளக்கை மாட்டுவதே சரி. சவூதியிலிருந்து வந்த பழைய சாமானாக இருந்தால் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். 110 அல்லது 127 வோல்ட் என்றிருந்தால் இங்கே செருகிய நொடியில் புகைந்துவிடும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தவிர்க்க முடியாதென்றால், மூன்று கோர் 1.5 ஸ்கொயர் கேபிள் உள்ளதாக வாங்குங்கள். சுருட்டி வைத்தபடி லோடு கொடுக்காதீர்கள், சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை. பாய்க்கு அடியில் ஓட்டாதீர்கள். ஒரு பாக்ஸிலிருந்து இன்னொரு பாக்ஸ் எடுக்காதீர்கள். ஸ்பைக் கார்டு என்று எழுதியிருந்தால் அது நொடிநேர வோல்ட் ஏற்றத்துக்குத்தான். ஓவர்லோடைப் பார்த்துக்கொள்வது அதிலுள்ள சின்ன ஃப்யூஸோ தள்ளு பொத்தானோதான். அவை இல்லாத பாக்ஸ் வெறும் டப்பா.

எர்த் பின்னை வெட்டுவது, மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தி இரண்டு பின் பிளக்கைச் செருகுவது இரண்டும் இங்கே அன்றாடக் காட்சி. எர்த் பின் நீளமாக இருப்பது முதலில் அது சேரவும் கடைசியில் அது பிரியவும்தான். பல பாயிண்டுகளில் மூடியைத் திறப்பதும் அதுவே.

ஃப்யூஸ் கட்டையும் எம்.சி.பி.யும்

ஃப்யூஸ் அடிக்கடி போனால் தடித்த கம்பி கட்டுவது பழைய வீடுகளின் பழக்கம். 5 ஆம்பியருக்கு 0.2 மி.மீ. ஈயம் பூசிய செம்புக் கம்பி, 15 ஆம்பியருக்கு 0.5 மி.மீ. இதுதான் அளவு. ஃபிளெக்ஸிபிள் வயரில் நாலு இழையை முறுக்கிக் கட்டிவிட்டால் ஃப்யூஸ் எளிதில் போகாது. அதற்குப் பதிலாகச் சுவருக்குள் வயர் எரியும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய மெயின் போர்டில் ஃபேஸுக்கு (கரண்ட் வரும் வயர்) ஒன்று, நியூட்ரலுக்கு (திரும்பும் வயர்) ஒன்று என்று இரண்டு ஃப்யூஸ் இருக்கும். நியூட்ரல் ஃப்யூஸ் மட்டும் போனால் வீடு முழுக்க இருட்டு. ஆனால் எல்லா பாயிண்டிலும் ஃபேஸ் உயிரோடு நிற்கும். கரண்ட் இல்லை என்று நினைத்துக் கை வைப்பவர் அடிபடுவது இப்படித்தான். வயர்மேனிடம் முதலில் சொல்ல வேண்டியது, நியூட்ரல் ஃப்யூஸை எடுத்துவிட்டு இரண்டையும் சேர்த்து அணைக்கும் டபுள் போல் மெயின் வைக்கச் சொல்வது.

எம்.சி.பி. அளவை வயரைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். சாமானைப் பார்த்து அல்ல. பழைய 1.5 அலுமினியத்துக்கும் 3/22-க்கும் 6 ஆம்பியர். 1.5 செம்புக்கு 10. 2.5 செம்புக்கு 16. 4 ஸ்கொயருக்கு 20. இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு: 10 ஆம்பியர் எம்.சி.பி. 11 ஆம்பியரில் ஒரு மணி நேரம் விழாமல் நிற்கலாம்; 14.5 ஆம்பியரில்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும் என்பது அதன் வரையறை. அந்த ஒரு மணி நேரத்தையும் தாங்கப் போவது வயர். வீட்டு லைனுக்கு பி வகை போதும், மோட்டாருக்கும் ஏ.சி.க்கும் சி வகை.

ஆர்.சி.சி.பி. வேறு ஜாதி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் அணைத்து உயிரைக் காக்கும். ஓவர்லோடுக்கு அது அசையாது. இரண்டும் வேண்டும். பழைய வீட்டில் ஆர்.சி.சி.பி. வைத்ததும் ஓயாமல் விழுந்தால் இரண்டு காரணம் தேடச் சொல்லுங்கள்: ஒரு லைனின் நியூட்ரலை இன்னொரு லைன் கடன் வாங்கியிருக்கும், அல்லது இடவப்பாதி மழையில் ஈரம் ஏறிய வயரில் கசிவு இருக்கும். வயர் உறையின் காப்பை அளக்கும் 500 வோல்ட் மெகரில் ஒவ்வொரு லைனும் குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். விழுகிறதே என்று ஆர்.சி.சி.பி.யைச் சுற்றி நேர் இணைப்புக் கொடுத்துவிட்டுப் போகிறவரை மறுபடி கூப்பிடாதீர்கள்.

ஒரு பாயிண்டை மாற்றுவது

வயர் நன்றாயிருந்து சாக்கெட் மட்டும் தளர்ந்திருந்தால், கை பழகியவர் தானே மாற்றலாம். சந்தேகம் இருந்தால் அரசுத் தகுதிச் சான்று உள்ள வயர்மேனை விடுங்கள்.

1. மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் முன்பக்க சுவிட்சில் அணையுங்கள். மெயினை மட்டும் அணைத்தால் கரண்ட் போனதாக நினைத்து இன்வெர்ட்டர் அதே வயருக்கு 230 வோல்ட் கொடுக்கும்.

2. டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். மல்ட்டிமீட்டரை அணைப்பதற்கு முன் கரண்ட் உள்ள பாயிண்டில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அணைத்தபின் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றும் சைபர் காட்ட வேண்டும்.

3. கழற்றுமுன் மொபைலில் படம் எடுங்கள். பழைய வீட்டில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்ற நிறத்தை நம்ப முடியாது. முகத்தைப் பார்த்து நின்றால் எர்த் மேலே, ஃபேஸ் வலது, நியூட்ரல் இடது.

4. கறுத்த அல்லது விறைத்த நுனியை நல்ல உலோகம் வரும்வரை வெட்டுங்கள். 8 முதல் 10 மி.மீ. உறையைச் சீவுங்கள். இழைகளை முறுக்கி, மெல்லிய வயரென்றால் இரட்டையாக மடித்து, டெர்மினலுக்குள் விடுங்கள். ஸ்க்ரூ உலோகத்தின் மேல் உட்கார வேண்டும், உறையின் மேல் அல்ல. இறுக்கியபின் ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பாருங்கள்.

5. வயர் வெட்டியதில் குட்டையாகிவிட்டால் செம்புத் துண்டை அலுமினியத்தோடு முறுக்கி டேப் சுற்றாதீர்கள். நம் ஈரக்காற்றில் அந்த இணைப்பு அரிக்கும். சூடேறி ஆறும்போதெல்லாம் அலுமினியம் நெகிழ்ந்து தளரவும் செய்யும். இரண்டு உலோகத்துக்கும் என்று குறிக்கப்பட்ட கனெக்டர் வேண்டும். அலுமினிய லைனிலுள்ள ஸ்க்ரூக்களை வருஷத்துக்கொரு தடவை, மெயினை அணைத்து, இறுக்கிக்கொள்ள வேண்டும்.

பிரச்சனை தீர: தனி லைன்

அடுக்களைக்கு இரண்டு தனி லைன், கீசருக்கு ஒன்று, ஏ.சி.க்கு ஒன்று. இது செலவுதான், வீடு முழுக்க மாற்றுவதைவிடக் குறைவு. 2.5 ஸ்கொயர் செம்பு, எஃப்.ஆர். (எளிதில் தீப்பிடிக்காத) உறை, ஒவ்வொரு லைனுக்கும் தனி ஃபேஸ், தனி நியூட்ரல், தனி எர்த், 16 ஆம்பியர் எம்.சி.பி. ஏ.சி.க்கு 4 ஸ்கொயர் போட்டு 20 ஆம்பியர் வைத்தால் நிம்மதி. ஒரே அடுக்களை லைனில் இண்டக்‌ஷனும் மிக்ஸியும் சேர்ந்தால் 2750 வாட், தாங்கும். கெட்டிலும் சேர்ந்தால் 4250, தாங்காது. இரண்டு லைன் கேட்பது அதற்குத்தான்.

மெயின் போர்டிலிருந்து அடுக்களை 12 மீட்டர் என்றால், ஏற்ற இறக்கத்துக்கு ஒரு மீட்டர் கூட்டி, இரண்டு லைனுக்கு ஒவ்வொரு நிறத்திலும் 26 மீட்டர் வாங்க வேண்டும். இரண்டையும் ஒரே குழாயில் கொண்டுபோக 25 மி.மீ. பி.வி.சி. பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவரைக் காடி வெட்டாதீர்கள், பாளம் பாளமாக உதிரும். சுவருக்கு மேலேயே குழாய் ஓட்டுவது அழகு குறைவு, ஆனால் நாளை பழுது பார்க்க எளிது.

எர்த் குழி பல வீடுகளில் பெயரளவுக்கு ஒரு கம்பி. செம்மண் பாறை மேட்டில் மாசி, பங்குனியில் மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது. இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப், கரி, உப்பு என்று முறையாகப் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி, மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கீசரும் ஏ.சி.யும் சேர்த்தால், கார்டில் எழுதியிருக்கும் அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள். மீட்டரும் அதற்கு முன்னாலுள்ள ஃப்யூஸும் சீலும் வாரியத்துடையது, தொடக் கூடாது. மீட்டர் பக்கம் புகை, பொறி கண்டால் குமரிப் பக்கம் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலையில், 1912.

போர்டு எரிந்தால் மெயினை அணையுங்கள். எட்ட முடியாவிட்டால் முயல வேண்டாம். தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்ந்த மணல் அல்லது ஏ.பி.சி. பவுடர் சிலிண்டர். மச்சுக்கு மேலே புகை தெரிந்தால் அணைக்க ஏறாதீர்கள். ஆளெல்லாம் முற்றத்துக்கு வந்த பிறகு 112.

எல்லாம் முடிந்ததும் முதலில் வரைந்த தாளைத் திருத்தி, எந்த எம்.சி.பி. எந்த அறை, வயர் என்ன ஸ்கொயர், என்று மாற்றியது என்று எழுதி மெயின் போர்டு கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். பென்சிலால் எழுதாதீர்கள், இரண்டு மழைக்காலத்தில் அழிந்துவிடும்.